ஷோரூம் காபி

"பத்தரைக்கு ராகு காலம் சார். அதுக்குள்ள கையெழுத்துப் போட்டுடுங்க" என்று பேனாவை நீட்டினான் ஷோரூம் விற்பனையாளன் ஸ்ரீஹர்ஷா.

"எங்களுக்கு அதெல்லாம் கிடையாது தம்பி" என்றாள் சங்கமித்ரா.

"உங்களுக்கு இல்லாம இருக்கலாம் மேடம். எங்க பில்லிங் கவுண்டருக்கு இருக்கு."

மதியழகன் சிரித்தபடி பேனாவை வாங்கிக்கொண்டான். பொம்மசந்திராவில் பார்த்த கம்பெனி வேலை போய்விட்டது. சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி எடுத்து லோடு அடிக்கலாம் என்று மனைவி சங்கமித்ராவோடு வந்திருந்தான். முன்பணம், அவள் கார்மென்ட்ஸில் ஒன்பது வருடம் தைத்துச் சேர்த்த பி.எஃப். பணம்.

ஸ்ரீஹர்ஷா படித்துக் காட்டிய பட்டியலில், வண்டி விலைக்கு மேல் சேர்த்திருந்த கடைசி நாலு வரி அவளை உறுத்தியது. கணவனின் முழங்கையை இடித்தாள்.

"இதெல்லாம் கட்டாயமான்னு கேளுங்க. இதையும் கட்டினா முதல் மாச டீசலுக்குக் கையில ஒண்ணும் நிக்காது."

"ஏசியில உட்கார வச்சு காபி குடுத்தாங்க. ரெண்டு பேரும் குடிச்சாச்சு. இப்பப் போய் எப்படிக் கேக்கிறது?" என்று முணுமுணுத்தான் மதியழகன்.

பேனா தாளைத் தொடப் போனது.

"தம்பி, என்னைக் கொஞ்சம் கவனி."

அவர்களுக்கு நேர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்து வந்து, தன் துணிப்பையை அந்தத் தாளின் மேலேயே வைத்தார்.

"பெரியவரே, நாங்க முதல்ல வந்தோம்" என்றான் மதியழகன்.

"வயசுப் பசங்க. அஞ்சு நிமிஷம் பொறுக்க மாட்டீங்களா?" நாற்காலியை இழுத்து நடுவில் போட்டுக்கொண்டார்.

ஸ்ரீஹர்ஷா வேறு வழியில்லாமல் அவர் பக்கம் திரும்பினான். "உங்க பேர் சார்?"

"ஹெர்பர்ட்."

"காபி சொல்லட்டா?"

"வேணாம்ப்பா. குடிச்சா வாய் அடைச்சுக்கும். அந்த வெள்ளை வண்டி இன்னா விலை?"

மதியழகன் எடுக்கப்போகும் அதே மாடல். ஸ்ரீஹர்ஷா மறுபடியும் முதலிலிருந்து படித்தான்.

"ஹேண்ட்லிங் சார்ஜ் ஆறாயிரத்து ஐந்நூறா? அது இன்னாது?"

"கிடங்கிலிருந்து ஷோரூமுக்கு வண்டி கொண்டு வர்றது சார்."

"நீ விக்கணும்னா நீதானே கடைக்குக் கொண்டு வரணும்? அடிச்சிடு அதை."

"கத்திரிக்காய் வாங்க வந்த மாதிரி பேசுறாரு. பக்கத்துல உட்கார வெக்கமா இருக்கு" என்று மனைவியின் காதில் சொன்னான் மதியழகன். ஸ்ரீஹர்ஷாவும் அவனைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"பெயின்ட் மேல கோட்டிங், எட்டாயிரத்து ஐந்நூறு?"

"பளபளன்னு இருக்கும் சார்."

"எதுக்கு, வெங்காய மூட்டை முகம் பார்த்துக்கவா? அடி. இன்ஷூரன்ஸ்?"

"இங்கேயே எடுத்தா வசதி சார்."

"யாருக்கு? வெளியில ஒன்பதாயிரம் கம்மி. வெளியில எடுக்கலாமா, கூடாதா? அதைச் சொல்லு."

"எடுக்கலாம் சார்" என்றான் தாழ்ந்த குரலில்.

"சத்தமா சொல்லுப்பா. எனக்குக் காது கொஞ்சம் மந்தம்."

"எடுக்கலாம் சார்!"

சங்கமித்ரா கணவனின் விரல்களுக்கு நடுவிலிருந்த பேனாவை உருவி மேஜையில் வைத்தாள்.

"அக்சஸரி கிட் பதினாலாயிரம். உள்ளே இன்னா இருக்கு?"

"மேட், சீட் கவர், சென்ட், டேஷ்போர்டுல ஒட்டற பிள்ளையார்."

"நான் ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போறவன். அவரை வச்சுக்கிட்டு இன்னா பண்ணுவேன்? அடி."

சங்கமித்ராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோலார் தங்கவயலில் அவள் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் அலமாரியில் இருப்பவர் புத்தர்.

"ரிவர்ஸ் கேமராவையும் அடிச்சிடட்டா சார்?" ஸ்ரீஹர்ஷாவின் குரலில் எரிச்சல்.

"அதை மட்டும் தொடாதே. ஜீவனஹள்ளி சந்துல ஒருதடவை ரிவர்ஸ் எடுத்துப் பாரு. பின்னாடியே பசங்க கிரிக்கெட் ஆடிட்டிருக்கும்."

ஸ்ரீஹர்ஷா மேனேஜரின் கண்ணாடி அறைக்குள் போய்விட்டு வந்தான்.

"ஓகே சார். மாசக் கடைசிங்கறதால ஒத்துக்கிட்டார். மொத்தம் முப்பத்தெட்டாயிரம் குறையுது."

"தம்பி, எங்களுக்கும் அதே நாலு வரியை அடிச்சுக் குடுங்க" என்றாள் சங்கமித்ரா. இவ்வளவு சத்தமாகக் கேட்போம் என்று அவளே நினைக்கவில்லை.

ஸ்ரீஹர்ஷா அவளைப் பார்த்தான். பெரியவரைப் பார்த்தான். போய்ப் புதுத் தாள் அச்சடித்து வந்தான்.

ஹெர்பர்ட் துணிப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மதியழகன் கையெழுத்துப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தான். "டீசலுக்கு மட்டும் இல்ல மித்ரா, முதல் ரெண்டு தவணைக்கும் கையில நிக்குது" என்றான். அவன் முகம் இப்போதுதான் முழுதாக இளகியது.

"சார், உங்க பேர்லயும் புக்கிங் போட்டுடலாமா?" என்று பெரியவரிடம் கேட்டான் ஸ்ரீஹர்ஷா.

"நான் விலை கேட்டேன். வாங்கறேன்னு எப்பப்பா சொன்னேன்? கோவிச்சுக்காதே, உனக்கு ஒரு வண்டி வித்துப் போயிடுச்சில்ல? இப்பக் குடு அந்தக் காபியை."

நின்றபடியே குடித்துவிட்டுக் கிளம்பினார்.

இருவரும் அவர் பின்னாலேயே வெளியே ஓடினார்கள். சர்வீஸ் வாசலில், அதே மாடல் வெள்ளை வண்டி ஒன்றில் அவர் ஏறிக்கொண்டிருந்தார்.

"நம்ம வண்டிதான். மூணு மாசம் முன்னாடி அத்திபெலே ஷோரூம்ல எடுத்தேன். சர்வீஸுக்கு விட்டிருந்தேன்."

முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளப்பான பெயின்ட். உள்ளே மேட், சீட் கவர், சென்ட் வாசனை. கண்ணாடியில் ஒரு ஜெபமாலை தொங்கியது. அதற்கு நேர்கீழே, டேஷ்போர்டில், பிள்ளையார்.

"ஐயா, நீங்க சர்ச்சுக்குப் போறவர்னு சொன்னீங்களே?" என்றாள் சங்கமித்ரா.

ஹெர்பர்ட் சாவியைத் திருகினார்.

"போறேம்மா. ஆனா இதை வாங்கின அன்னிக்கு, வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே காபியைக் குடிச்சிட்டேன்."