ஏழு இடத்து மறதி

"ஏழு இடம், ஹேசல்! ஒண்ணு ரெண்டு இல்லே, ஏழு இடத்துல கிழவன் பாட்டை மறந்திருக்கான். இதை எந்த முகத்தோட கடைக்கு அனுப்புறது?"

ஜூலியன் ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜைமேல் போட்டான். லண்டன் இசைக் கம்பெனியின் ஆள். ரயில் பிடித்து ஷெஃபீல்டு வரைக்கும் வந்ததே அவனுக்கு எரிச்சல்.

ஹேசல் ஓடிக்கொண்டிருந்த பதிவை நிறுத்தினாள். கச்சேரியை ஒலிப்பதிவு செய்தவள் அவள்தான்.

ரெக்ஸ் ஹாலம் லேசுப்பட்ட ஆளா? ஒரு காலத்தில் அவர் கிடாரை அலறவிட்டால் பக்கத்துத் தெரு நாய்கூட எழுந்து உட்காரும். எழுபத்திரண்டு வயதில் அந்தச் சத்தமெல்லாம் போதும் என்று, வயர் மாட்டாத சாதாரண கிடார் இரண்டோடு, சொந்த ஊர் இரும்பாலைத் தொழிலாளர் கிளப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாடினார். அடுத்த நாற்காலியில் நோபி. ஐம்பது வருஷமாக அவரோடு வாசிக்கிற கூட்டாளி.

அருமையாகத்தான் போனது. ஆனால் அடிக்கொரு தரம் நடுப்பாட்டில் நிறுத்தி, "ஐயோ, மறந்துபோச்சே! அடுத்த வரி யாருக்காவது தெரியுமாப்பா?" என்று சிரிப்பார் ரெக்ஸ்.

"பாட்டை எழுதினதே நீதானேய்யா!" என்று கூட்டத்திலிருந்து யாராவது கத்துவார்கள். கிளப்பே சிரிக்கும். அப்புறம் கூட்டமே பாடி எடுத்துக்கொடுக்கும்.

"குடிச்சிருந்தாரா?" என்றான் ஜூலியன்.

"டீ. நான்தான் போட்டுக் கொடுத்தேன்."

"அப்போ ஒத்திகை பார்க்கலே. பெரிய ஆளுன்னு திமிர்! ரெண்டு பேரும் திங்கட்கிழமை ஸ்டுடியோவுக்கு வந்து அந்த ஏழு இடத்தையும் திரும்ப வாசிக்கட்டும். இல்லேன்னா ஆல்பமே கிடையாது. சொல்லிடு."

சேதி போனதும் சாயங்காலம் ரெக்ஸே ஹேசலின் அறைக்கு வந்து சேர்ந்தார். கையில் சிப்ஸ் பொட்டலம். அதில் தெளித்த வினிகர் வாசனை அறை முழுக்க.

"எடுத்துக்கோ கண்ணு, சூடா இருக்கு."

"சிப்ஸ் கிடக்கட்டும். திங்கட்கிழமை வர்றீங்களா, இல்லையா?"

"மாட்டேன்."

"சரி, நோபியை மட்டுமாவது அனுப்புங்க. அவர் வாசிச்சா மீதியை நான் ஒட்டவெச்சுக்கறேன்."

ரெக்ஸின் வாய்க்குப் போன சிப்ஸ் பாதி வழியில் நின்றது. "நோபியைக் கூப்பிடாதே. தப்பு என்னோடது. அப்படியே போட்டுடு."

"ஊரே சிரிக்குமே!"

"சிரிக்கட்டுமே. அழறதுக்கா டிக்கெட் வாங்கினாங்க?"

"ஆல்பம் வெளியே வராமலே போயிடும். பரவாயில்லையா?"

ரெக்ஸின் முகம் வாடிவிட்டது. "இதான் எங்க கடைசி ஆல்பம். வந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றார். "ஆனா ஸ்டுடியோவுக்கு வரமாட்டோம்."

பொட்டலத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஹேசலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வயசிலும் தலைக்கனம் இறங்கவில்லையே! இரண்டு மணி நேரம் வந்து உட்கார்ந்தால் கிரீடம் கழன்று விழுந்துவிடுமா?

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. மறுநாள் காலையில் தானே ஒட்டுப்போட உட்கார்ந்தாள். மேடையில் ஆளுக்கொரு மைக். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பதிவாகியிருந்தது. மற்றதையெல்லாம் மூடிவிட்டு, நோபியின் மைக்கை மட்டும் முதல்முறையாகத் தனியே கேட்டாள்.

முதல் இடம். நோபியின் கிடார் தடுமாறுகிறது. விரல் எங்கேயோ தேடுகிறது. அப்புறம் நின்றே போகிறது. ரொம்ப மெதுவாக, பயந்துபோன குரலில் நோபி கேட்கிறார்:

"ரெக்ஸ்... இது என்ன பாட்டுடா?"

அடுத்த நொடி, தூரத்தில் ரெக்ஸின் குரல்: "ஐயோ, மறந்துபோச்சே!"

கூட்டம் சிரிக்கிறது, பாட ஆரம்பிக்கிறது. பாட்டு காதில் விழுந்ததும் நோபியின் விரல்கள் வழி கண்டுபிடித்துச் சேர்ந்துகொள்கின்றன.

இரண்டாவது இடம். அதே கேள்வி. மூன்றாவதும் அப்படித்தான். ஏழும் அப்படித்தான். கூட்டத்துக்கு அந்தக் கேள்வி கேட்டிருக்காது. மைக்குக்குக் கேட்டிருந்தது.

ஹேசல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நேற்று அந்த மனுஷனைப் பற்றி என்னென்ன நினைத்துவிட்டோம் என்று வெட்கமாக இருந்தது. ஜூலியனுக்குப் போன் போட்டாள்.

"அந்த ஏழு இடமும் அப்படியே இருக்கட்டும்."

"உனக்கென்ன பைத்தியமா?"

"அங்கேதான் ஊரே சேர்ந்து பாடுது. அதை எடுத்துட்டா ஆல்பத்துல உசிரே இருக்காது. பாடகரை விடு. கூட்டம் பாடுறதை மட்டும் அனுப்பறேன், கேட்டுட்டுச் சொல்லு."

அரை மணி கழித்து அவனே கூப்பிட்டான். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"நல்லாத்தான் இருக்கு. போட்டுத் தொலை. பேர் கெட்டா கிழவனுக்குத்தான்."

"அதை அவர் பார்த்துக்குவார்."

நோபி கேட்ட ஏழு கேள்விகளையும் ஹேசல் ஒவ்வொன்றாக அழித்தாள். கடைசிப் பாட்டு முடிந்து, கைதட்டலுக்கு நடுவே பதிவாகியிருந்த பேச்சை மட்டும் அழிக்கவில்லை. ஆல்பம் அதோடுதான் முடிகிறது.

"வருத்தப்படாதே ரெக்ஸ்" என்கிறார் நோபி. "வயசானா மறக்கத்தான் செய்யும். அதான் பக்கத்துல நான் இருக்கேன்ல?"

"நீ இருக்கிற தைரியத்துலதாண்டா மேடையே ஏறினேன்."