சென்றாயனின் சிங்கப்பூர்

எதிர்க்கடை மாரப்பன் லண்டன் தெருவில் நிற்கும் படத்தைத் தன் ஸ்டுடியோ வாசலில் மாட்டியதிலிருந்து, காளப்பநாயக்கன்பட்டியில் கல்யாண வீட்டார் யாரும் சென்றாயன் ஸ்டுடியோ பக்கம் திரும்பவில்லை. பிழைப்பு போய்விடும் போலிருந்தது. சென்றாயன், தானும் சிங்கப்பூர் போய்ப் படமெடுக்கப் போவதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

புறப்படும் நாளில் மனைவி பொன்னம்மாள் மூட்டைகளைப் பார்த்து மலைத்தாள்.

"ஏனுங்க, பெட்டிக் காமிரா, ஸ்டாண்டு, கறுப்புத் துணி எல்லாஞ் சரி. ஆள் நீளத்துக்கு இந்தச் சுருள் எதுக்குங்க?"

"அங்க வெயில் வேற மாதிரி. மறைப்புக்கு வேணும்."

"இத்தனையும் கப்பல்ல ஏத்துவாங்களா?"

"காமிராக்காரனுக்குத் தனி மரியாதை உண்டு," என்றார், கப்பலையே கண்டிராத சென்றாயன்.

ஊரார் மாலை போட்டு பஸ் ஏற்றிவிட்டார்கள். அவர் அடுத்த ஊரிலேயே இறங்கி, சுமை தூக்க வேலப்பன் என்ற மலைக்காரரைப் பிடித்துக்கொண்டு கொல்லிமலை ஏறினார். மலைமேல் இருக்கும் வளப்பூர் நாடு என்ற ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள், இதற்குச் சிங்கப்பூருக்கே போயிருக்கலாம் என்று தோன்றிவிட்டது.

சுருளைப் பிரித்தார். திரை முழுக்க அவரே தீட்டிய துறைமுகம். கப்பல் மட்டும் கொஞ்சம் மாட்டுவண்டிச் சாயலில் இருந்தது.

"இது சிங்கப்பூர்..." என்று விளக்கத் தொடங்கினார்.

வேலப்பன் ஆச்சரியப்படவே இல்லை.

"அந்தப் பலாவுல மட்டும் கட்டாதீங்க சாமி. போன மாசம் உங்கூரு மாரப்பனுக்கு அதுலதான் கட்டிக் குடுத்தேன். காத்துல லண்டன் ஒரே ஆட்டமுங்க."

வேலப்பன் பக்கத்து மரத்தைத் தட்டிப் பார்த்தார்.

"இதுல கட்டுங்க. சிங்கப்பூர் அசையாதுங்க."