சங்கரபாண்டியனின் வலது காது

இதில் வருவதெல்லாம் நடந்தது. ஒரு சொல் பொய்யாக இருந்தாலும், நாளை முதல் என் காப்பியில் சர்க்கரை விழாமல் போகட்டும்.

ராத்திரி கம்ப்யூட்டர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது.

காலையில் எல்லாம் பளபளவென்று இருந்தது. படம் தெளிவு. எழுத்து தெளிவு.

சத்தம் மட்டும் இல்லை.

வேறொரு நாள் என்றால் பரவாயில்லை. அன்று பேரக்குழந்தைக்குப் பெயர் வைக்கும் நாள்.

மகள் கோமதி நார்வேயில். நானும் என் மனைவி செண்பகமும் பாளையங்கோட்டையில். நடுவில் அந்தக் கம்ப்யூட்டர்.

பல வருடங்கள் கோமதியிடம் வானிலை மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தோம். அங்கே பனி. இங்கே வெயில். வேறு எதைத் தொட்டாலும் அவள் முகம் மாறிவிடும். அப்படிக் காத்திருந்து வந்த குழந்தை.

எங்கள் வழக்கத்தில், தாயைப் பெற்ற தாத்தாதான் குழந்தையின் வலது காதில் முதலில் பெயரைச் சொல்ல வேண்டும். மூன்று தடவை. அதுவரை பெயர் வெளியே வரக் கூடாது. பெற்றவளுக்கே தெரியாது. நான் செண்பகத்திடம்கூடச் சொல்லவில்லை. தூக்கத்தில் உளறிவிடாமலிருக்க வாயில் கிராம்பை வைத்துக்கொண்டு படுத்தேன்.

சத்தம் வராவிட்டால் குழந்தைக்குப் பெயர் இல்லை.

ஸ்பீக்கரைத் தட்டினேன். வயரைப் பிடுங்கிச் செருகினேன். கம்ப்யூட்டரை அணைத்து, யோசிக்க அதற்குக் கொஞ்சம் நேரம் கொடுத்து, மறுபடி போட்டேன். செண்பகம் வந்து திருநீறு பூசினாள். எனக்கில்லை, கம்ப்யூட்டருக்கு.

போனில் சொல்லலாமே என்பீர்கள். என்னுடையது பட்டன் போன். நார்வே என்றாலே அதற்கு ஜலதோஷம் பிடித்துவிடும்.

வாசலில் யாரோ கதவைத் தட்டினார்கள்.

மாடி வீட்டு சங்கரபாண்டியன். என்னைவிட மூத்தவர். அவர் மகன் போன மாதம்தான் புதிதாகக் காது மிஷின் வாங்கி மாட்டியிருந்தான். வயர் இல்லாதது.

வலது காதைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"ஓய், காலையிலேருந்து உம்ம கம்ப்யூட்டர் எங் காதுக்குள்ள உக்காந்து டிங் டிங்னு அடிக்கு. வந்து எடுத்துத் தொலையும்வே!"

சத்தம் எங்கே போக வேண்டும் என்று கேட்கும் இடம் ஒன்று கம்ப்யூட்டரில் உண்டு. திறந்து பார்த்தேன்.

ஸ்பீக்கர் என்று இருந்தது. அதற்குக் கீழே, 'சங்கரபாண்டியன், வலது காது' என்று இருந்தது.

டிக் அங்கேதான்.

மைக் எது என்றும் பார்த்தேன். அதுவும் அவர் காதுதான்.

ஸ்பீக்கரை அமுக்கினேன். டிக் அசையவில்லை. அங்கே கதகதப்பாக இருந்திருக்கும்.

காது மிஷினைக் கழற்றச் சொன்னேன். கழற்றினார். மிஷின் மேஜையில் கிடந்தது. டிங் டிங் அவர் காதிலேயே இருந்தது.

சொன்ன நேரம் வந்துவிட்டது. திரையில் கோமதி. மடியில் குழந்தை. அவள் வாய் அசைகிறது. சங்கரபாண்டியன் தலையாட்டுகிறார்.

"என்ன சொல்லுதா?" என்று செண்பகம் தவித்தாள்.

"அப்பா ஏன் இப்படி எளச்சிட்டாங்கன்னு கேக்கா. சீக்கிரம் சொல்லணுமாம். பிள்ளைக்குத் தூக்கம் வருதாம்."

வேறு வழியில்லை.

சங்கரபாண்டியனைப் பாயில் கிழக்கே தலை வைத்துப் படுக்கவைத்தோம். செண்பகம் என் பழைய வேட்டியை மடித்துத் தலைக்கு வைத்தாள். வழக்கப்படி நாக்கில் ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர். அவருக்குச் சர்க்கரை வியாதி. குழந்தைக்காக என்று வாயைத் திறந்தார்.

நான் குனிந்தேன். காது முழுக்க நரைத்த முடி. அதற்குள் பெயரைச் சொன்னேன்.

திரையில் குழந்தை கொட்டாவி விட்டது.

இரண்டாம் தடவை சொன்னேன். கண்ணைத் திறந்தது.

மூன்றாம் தடவை இன்னும் நெருங்கிக் குனிந்து சொன்னேன்.

குழந்தை தலையைத் திருப்பியது. எங்கள் பக்கம்.

அந்த நொடியில் ஸ்பீக்கர் கரகரத்தது. கோமதி அழுவது அறை முழுக்கக் கேட்டது. பிறகு சிரிப்பது. நாங்கள் யாரும் வானிலையைப் பற்றிக் கேட்கவில்லை.

பார்த்தால், டிக் ஸ்பீக்கருக்கு வந்து சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

சங்கரபாண்டியன் மட்டும் எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடிக் கிடந்தார்.

"இன்னொரு தடவ சொல்லும்வே," என்றார். "நல்லாருக்கு."

ஸ்பீக்கர் இப்போது நன்றாக இருக்கிறது. தினமும் காலையில் போட்டுப் பார்த்துவிடுகிறேன். புதுப்பிக்கட்டுமா என்று கம்ப்யூட்டர் அடிக்கடி கேட்கிறது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அமுக்கிவிடுகிறேன்.

பெயரை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். குழந்தையின் காதில் விழுவதற்கு முன்னால் சொல்லக் கூடாது.

கோமதிக்கு இது தலைப்பிள்ளை. இப்போதுதான் ஐந்தாம் மாதம் நடக்கிறது.