கரையில் எழுதிய நீச்சல்

குமகாய் சார் விசில் ஊதினார். நீச்சல்குளத்தில் இறங்கிய பிள்ளைகள் சரியாக நனைவதற்குள் கரையேறினார்கள்.

நீச்சல் வகுப்புதான். ஆனாலும் எழுத வேண்டும்.

"எல்லாப் பாடத்திலும் எழுத்து." இந்த ஆண்டு எங்கள் தொடக்கப்பள்ளியின் ஆராய்ச்சித் தலைப்பு அது. துணியில் பெரிதாக எழுதி வேலியில் கட்டியிருந்தார்கள். சமையல் வகுப்பில் மிசோ சூப்பைப் பற்றி எழுதி முடிப்பதற்குள் சூப் ஆறிப்போனது. அறிவியலில் பனிக்கட்டியைப் பற்றி எழுதிவிட்டு நிமிர்ந்தால் பனிக்கட்டியைக் காணோம்.

நான் குளத்தோரத்துக் காவல் நாற்காலியில் இருந்தேன். யாராவது மூழ்கினால் குதிப்பது என் வேலை. காகிதத்தில் மூழ்குகிறவர்களுக்கு நான் பொறுப்பில்லை.

என் அப்பா சூரை மீன் படகில் தூண்டில் போட்டவர். அலை வாரிக்கொண்டு போய்த் திரும்பத் தூக்கிப் போட்ட எவனும் படகேறியதும் பென்சில் கேட்டதில்லை.

அன்று எங்கள் ஆராய்ச்சியைப் பார்க்கப் பெருநகரத்திலிருந்து ஒரு பேராசிரியரும் சில விருந்தினர்களும் வந்திருந்தார்கள். கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, வெளுத்த கெண்டைக்கால்களோடு, பல் கிடுகிடுக்க எழுதும் பிள்ளைகளைப் படம் எடுத்தார்கள்.

"என்னடா எழுதுறது?" என்றான் ஒருவன்.

"போன வாரம் எழுதுனதையே எழுது. கைன்னு இருக்கிற இடத்துல கால்னு போட்டுக்க," என்றான் காகுதோ.

சிஹாரு மட்டும் நனையவில்லை. கூடாரத்து நிழலில், உடற்பயிற்சிச் சட்டையோடு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். தண்ணீரில் இறங்காத பிள்ளை மற்றவர்கள் நீந்துவதைப் பார்த்து எழுத வேண்டும். அதுவும் விதி.

இறங்க வேண்டுமென்றால் நீச்சல் அட்டையில் அன்று காலைக் காய்ச்சல் அளவும், கையெழுத்துக்குப் பதிலாக வீட்டார் குத்தும் பெயர் முத்திரையும் இருக்க வேண்டும். சிஹாருவின் அம்மா விடியுமுன்பே மீன் ஏலக் கொட்டகைக்குப் போய்விடுகிறவள். கோடைத் தொடக்கத்தில் ஒருநாள் பிள்ளை தானே முத்திரையைக் குத்திக்கொண்டு வந்து மாட்டிக்கொண்டது. குமகாய் சார் வீட்டுக்குப் போன் போட்டார். அன்றிலிருந்து முத்திரையும் அம்மாவோடு கொட்டகைக்குப் போகிறது.

பிள்ளை கோடை முழுக்கக் கூடாரத்தில்.

இன்று கடைசி வகுப்பு. நாளை குளத்தை மூடுகிறார்கள்.

தாள்களைச் சேர்த்து வாங்கிய பேராசிரியர் ஒன்றை உருவி உரக்கப் படித்தார்.

"தோள் முதலில் திரும்ப வேண்டும். வாய் பின்னால் வந்தால் போதும். வாய் முந்தினால் தண்ணீர்தான் கிடைக்கும். காகுதோவுக்கு இன்று நிறையக் கிடைத்தது."

விருந்தினர்கள் சிரித்தார்கள். காகுதோ சிரிக்கவில்லை.

"யாரு இது? தண்ணிய அனுபவிச்சு எழுதியிருக்கு! கொஞ்சம் நீந்திக் காட்டச் சொல்லுங்களேன்."

சிஹாரு எழுந்தே விட்டாள்.

"அது வந்துங்க... இன்னைக்கு அட்டையில முத்திரை இல்லீங்க," என்றார் குமகாய் சார். இன்றைக்காம்.

பேராசிரியர் ஒரு கணம் யோசித்தார். முத்திரை இல்லாத பிள்ளையை இறக்கச் சொல்லும் அளவுக்கு அவர் படிக்காதவர் இல்லை.

"அதனால என்ன, எழுத்தே போதும். நம்ம தலைப்பே அதுதானே!"

கைதட்டினார்கள். குமகாய் சார் அந்தத் தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, விருந்தினர்களை பார்லித் தேநீர் குடிக்கக் கூட்டிப்போனார். போகிறபோக்கில் விசில் ஊத, மற்ற பிள்ளைகள் மறுபடியும் குதித்தார்கள்.

சிஹாரு என் நாற்காலிக்குக் கீழே வந்து நின்றாள்.

"சார், காலை மட்டும் நனைச்சுக்கட்டா? எழுதச் சொன்னாலும் எழுதிடுறேன்."

கீழே இறங்கி அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் என் கைக்குத் தெரியும். இல்லை.

"அட்டையக் குடு."

கொடுத்தாள். குளத்தில் ஒரு கண் வைத்தபடியே பக்கத்து ஆசிரியர் அறைக்குள் போய்விட்டு வந்தேன்.

"ம். இறங்கு."

"நெஜமாவா?"

"நீ பேசிட்டே இருந்தா கோடை முடிஞ்சுடும்."

சட்டையைக் கழற்றினாள். உள்ளே நீச்சலுடை. கோடை முழுக்க ஒவ்வொரு வகுப்புக்கும் அதைப் போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறாள்.

முதல் மூச்சில் வாய் முந்தியது. வாங்கிக் கட்டிக்கொண்டாள். இருமினாள். "எழுதுனவளுக்கே வரலியா?" என்று கத்தினான் காகுதோ. அவன் முகத்தில் தண்ணீரை வாரி அடித்துவிட்டு மறுபடி முகத்தை உள்ளே விட்டாள். இந்தமுறை தோள் திரும்பியது. வாய் பின்னால் வந்தது. சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். அது சரியா என்று பார்க்கத்தான் இத்தனை நாளாக ஒருவருக்கும் தோன்றவில்லை.

குமகாய் சார் வேலியைத் தாண்டும்போதே பார்த்துவிட்டார். ஓடி வந்தார்.

"யாரு இறக்கிவிட்டது? முத்திரை?"

அட்டையை நீட்டினேன். காய்ச்சல் அளவைப் பார்த்தார். சிவப்பு வட்டத்தை வெயிலில் சாய்த்துப் பார்த்தார். 'ஒனோதேரா.' பிள்ளையின் குடும்பப் பெயர்தான். தப்பில்லை.

"அவங்கம்மா எப்ப வந்தாங்க?"

"வரல."

அவர் என்னைப் பார்த்தார். கடையில் வாங்கும் முத்திரையில் குடும்பப் பெயர் மட்டும்தான் இருக்கும், ஆள் பெயர் இருக்காது. இந்தத் துறைமுகத்தில் கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தாலும் ஒரு ஒனோதேராவின் மேல்தான் விழும்.

தினமும் காலையில் ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் நான் குத்துவதும் அந்தப் பெயரைத்தான்.