விடுபட்ட சிரிப்பு

"இந்த டிஸ்க்கில ஒரு துண்டைக் காணேல்லை, தம்பி."

முந்தின நாள் வாங்கிய கார்ட்டூன் படத்தைத் தவமலர் மேசையில் வைத்தாள். அந்தக் காலத்துப் படத்தைத் துப்புரவாக்கிப் புதிதாக வெளியிட்டிருந்தார்கள். வீட்டிலிருந்த அதே படத்தின் வீடியோ கசெட் பூஞ்சணம் பிடித்துப் போனதால், பிளாட்டில் தனியாக உட்கார்ந்து இதை இரண்டு தரம் பார்த்திருந்தாள்.

வெள்ளவத்தையில் டிஸ்க் கடை வைத்திருக்கும் ஸாலிஹுக்குத் தன் சரக்கைக் குறை சொன்னால் பொறுக்காது.

"ஒண்டும் வெட்டல்ல ஆன்டி. முந்தி வெட்டினதையும் சேத்துத்தான் போட்டிருக்காங்க."

"கரடி ஏணியால விழேக்க ஒரு சிரிப்பு வரும். அது இல்லை."

அவன் கடை டிவியில் அந்த இடத்தைப் போட்டுக் காட்டினான். கரடி விழுந்தது. இசை மட்டுமே கேட்டது.

"கரடியா சிரிக்கிற?"

"இல்லை. வேற ஆள். சிரிச்சுச் சிரிச்சுக் கடைசியில இருமல் வந்திடும். படமும் ஆடும்."

"படம் ஏன் ஆன்டி ஆடுது?"

தவமலர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கொப்பி பண்ண எங்களிட்ட ரெண்டாவது வீடியோ டெக் இல்லை. என்ர மனுசன் டிவிக்கு முன்னால நிண்டு, கமராவைத் தோளில வச்சுத்தான் எடுத்தவர். அவர் போனாப் பிறகு அந்தக் குரல் வேற ஒண்டிலயும் இல்லை."

ஸாலிஹ் டிஸ்க்கை வெளியே எடுத்தான்.

"'இஞ்சாருங்கோ, சத்தம் போடாமல் எடுங்கோ' எண்டு அண்டைக்கு நான்தான் அவரை ஏசினனான்," என்றாள் அவள்.