நாலு விரல் உயரம்

சமையல் மேடைக்கு அடியில் கையை விட்டு மகள் அந்தக் கட்டையை வெளியே இழுத்தாள்.

உத்தரம் அறுத்ததில் மிஞ்சிய துண்டு. நாலு விரல் கனம். மேலே இரண்டு பாதங்களின் அளவுக்குத் தேய்ந்து, எண்ணெய் குடித்து, கறுத்துப் போயிருந்தது.

"இது எதுக்கு இங்க கிடக்கு?" என்றார் அப்பா.

"இதும்மேல நின்னுதாம்ப்பா அம்மா சமைப்பாங்க. அன்னைக்கு விழுந்ததும் இதுலேருந்துதான்."

அவரிடம் மனைவி கால் தடுக்கிவிட்டது என்றுதான் சொல்லியிருந்தாள். இடுப்பெலும்பு உடைந்து, ஆபரேஷன் முடிந்து, இன்று சாயங்காலம் வீட்டுக்கு வருகிறாள். மருமகன் அழைத்து வரப் போயிருக்கிறான்.

அவர் கட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இந்த மரவீட்டில் அவர் கை படாத பலகை கிடையாது. ஆசாரி வேண்டாம், மேஸ்திரி வேண்டாம், நாமே கட்டிக்கொள்வோம் என்று ஆரம்பித்தவர். விடுமுறை நாள் என்றால் மூன்று பேரும் மரத்தோடு மல்லுக்கட்டுவார்கள். அவர் அறுப்பார். மனைவி உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பாள். அப்போது சின்னவளாக இருந்த மகள் ஆணி எடுத்துக் கொடுப்பாள். தெருவே அவருக்கு மரங்கொத்தி என்று பேர் வைத்தது. அவருக்கு அதில் உள்ளூர ஒரு பெருமை.

ஜன்னல் ஒன்று கோணல்தான். மாடிப்படியில் ஒரு படி மட்டும் குட்டையாகப் போய்விட்டது. அதையெல்லாம் அவரே சொல்லிச் சிரிப்பார். ஆனால் சமையல் மேடையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது.

அதை, மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது செய்தார். திரும்பி வந்து பார்த்து அவள் அசந்துபோக வேண்டும் என்று ஆசை. உயரம் அளந்து பார்க்க அவள் இல்லையே என்று யோசிக்கவில்லை. உள்ளங்கையைத் தன் மூக்குக்கு நேராக வைத்தார். அவள் உச்சந்தலை இது வரைக்கும் வரும். அப்படியானால் முழங்கை இங்கே. மேடை அதற்கு ஒரு கையகலம் கீழே. தீர்ந்தது கணக்கு.

ஒவ்வொரு தடவையும் மரவேலை முடிந்ததும் அவர் தலையில் ஒட்டிய மரத்தூளைத் தட்டிவிட வந்து நிற்பாளே, அவ்வளவு கிட்டத்தில் பார்த்த உயரம் எப்படித் தப்பும்?

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றார் இப்போது.

"எப்படிப்பா சொல்வாங்க? வர்றவங்க போறவங்களை எல்லாம் இங்க இழுத்துட்டு வந்து, 'டேப்பா பிடிச்சேன், மனசால அளந்தேன்'னு மார்தட்டுவீங்க. அம்மா பின்னாடி நின்னு சிரிச்சுக்கிட்டே கட்டையைக் காலால உள்ள தள்ளுவாங்க."

உள்ளே தள்ளும்போது கிறீச்சென்று ஒரு சத்தம் கேட்டிருக்க வேண்டும். கேட்டது. அவர் சமையலறைக்குள் நுழையும்போதெல்லாம் கேட்டது. கதவுக் கீல்தான் என்று நினைத்து, பாவம், வருஷக்கணக்காக அதற்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

அடுப்பை இறக்கி வைத்தார்கள். மேடையைக் கவிழ்த்தார்கள். கட்டையை வைத்து நாலு கால்களிலும் பென்சிலால் கோடு போட்டார். ரம்பம் பிடித்த கை முன்போல் இல்லை. நடுவில் இரண்டு தரம் மகள் வாங்கி அறுத்தாள். மேடையை நிமிர்த்தி ரசமட்டம் வைத்தபோது குமிழி நடுவில் வந்து நின்றது.

அறுபட்ட துண்டுகளை அவர் பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே வாசலில் கார் நின்றது.

வாக்கரைத் தரையில் ஊன்றி ஊன்றி அவள் நேராகச் சமையலறைக்குத்தான் வந்தாள். வேறெங்கே போவாள்? மேடையைப் பார்த்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் அதன்மேல் வைத்தாள். முழங்கைகள் பாந்தமாக மடங்கின. ஆனாலும் அவள் கால் பழக்கத்தில் மேடைக்கு அடியில் எதையோ துழாவியது.

"கட்டை இல்ல. எடுத்துட்டேன்," என்றார்.

அவள் மகளை ஒரு பார்வை பார்த்தாள். மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சங்கடமாக இருந்தால் அவருக்குக் கேலிதான் வரும். இந்த வீட்டுக்குக் குடிவந்த கொஞ்ச நாளிலேயே ஆரம்பித்த கேலி அது. மரத்தூள் தட்டிவிட வேண்டிய வேலையெல்லாம் முடிந்துபோன பிறகு.

"மரந்தான் காயக் காயச் சுருங்கும். நீயும் வரவர சுருங்கிட்டே போறியே, என்ன?"

"ஆமா, வயசாகுதில்ல," என்றாள், எப்போதும் சொல்வது போலவே.

சொல்லிவிட்டு அவர் தலையைப் பார்த்தாள். நரைத்த முடியெல்லாம் மரத்தூள். எத்தனை காலத்துக்குப் பிறகு!

"என்னங்க இது கோலம்," என்று மேடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்றதை நீட்டினாள். நல்ல காலின் குதிகால் தானாக எழும்பியது. அவள் உச்சந்தலை அவர் மூக்குக்கு நேராக வந்து நின்றது. மயிரிழை தப்பவில்லை.

"அம்மா, எக்காதீங்க! இனிமே குதிகால் தரையை விட்டு எழும்பவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?"

குதிகால் இறங்கியது. நீட்டிய கை அவர் தலையைத் தொடாமல் திரும்பி வந்து மேடையைப் பிடித்தது. உச்சந்தலை அவர் மோவாய்க்கு வந்துவிட்டது.

நாலு விரல்.

அவர் அப்போதுதான் குனிந்தார்.