கழுதைவால் திருடி

“திருடி இந்த வருஷம் வரலடி” என்றாள் எல்பிதியா.

பக்கத்து வீட்டு ரெமேடியோஸ் மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். “திருட்டுப் போகலன்னு கண் கலங்குறவளை இப்பதான் பாக்குறேன். செடி தப்பிச்சதுன்னு சந்தோஷப்படுவியா!”

“உனக்குப் புரியாது.”

வாசல் தாழ்வாரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது கழுதைவால் செடி. குண்டு குண்டான வெளிர்பச்சை இலைகள் நெருக்கமாகப் பின்னி, வால் வாலாக இறங்கித் தரையைத் தொடப் பார்த்தன. இலை லேசாகச் சுருங்கினால்தான் தண்ணீர். காலை வெயில் மட்டும் போதும். கை பட்டாலே பொலபொலவென்று உதிர்ந்துவிடும். அதை அம்மா வளர்த்த மாதிரியே எல்பிதியாவும் வளர்த்தாள்.

அந்தச் செடியால்தான் சண்டை. அம்மாவின் காரியமெல்லாம் முடிந்தபிறகு, தங்கை ஒத்தீலியா கைக்குழந்தையோடு வந்து ஒரே ஒரு வால் கேட்டாள்.

“அம்மா படுத்துக் கிடந்தப்ப எட்டிப் பாக்காதவளுக்கு ஓர் இலைகூடக் கிடையாது.”

அப்போது நிறைமாதக்காரியாக இருந்தவள், வாழ்க்கைப்பட்ட ஊரான ஹுவாதுஸ்கோவிலிருந்து அந்த மலைப்பாதையில் எப்படி வந்திருக்க முடியும் என்று எல்பிதியாவுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் சொன்னாள். ஒத்தீலியா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

மறு வருஷம் கல்லறைத் திருநாள் நெருங்கியபோது ஒரு வால் குறைந்திருந்தது. கத்தியால் சாய்வாக அறுத்த வெட்டு. கீழே ஓர் இலைகூட உதிரவில்லை.

எல்பிதியாவுக்கு உடனே விளங்கிவிட்டது. கேட்டு வாங்கிய செடி பிடிக்காது, திருடிய செடிதான் தழைக்கும் என்று கோவாத்தெபெக் ஊர்ப் பெண்கள் எல்லாருமே நம்புகிறவர்கள். அம்மாவின் கல்லறையைச் சுத்தம் செய்ய வந்தவள் இங்கேயும் எட்டிப் பார்த்திருக்கிறாள். என் வீட்டுச் செடி வேண்டும் என்று தோன்றியிருக்கிறதே, அப்படியானால் அவள் கோபம் பாதி போய்விட்டது.

தெரு முழுக்கக் கேட்கும்படி திருடியைத் திட்டினாள். அடுத்த வருஷம் வாசல் கதவைத் தாழிடாமல் விட்டாள். அதன்பிறகு ஒவ்வொரு திருநாளுக்கும் ஒரு வால் போயிற்று. “ஓர் இலை உதிராம அறுக்கிறா பாரு, என் தங்கச்சி கை அப்படி” என்று ரெமேடியோஸிடம் பெருமையடித்துக்கொள்வாள். ஒரு நாள் அந்தக் கை கதவையும் தட்டும் என்று காத்திருந்தாள்.

அவள் கணவர் செவேரோ இதிலெல்லாம் தலையிட்டதே இல்லை. காப்பித் தோட்டத்தில் கிளை கழித்துக் கவாத்து வெட்டுகிறவர். செடிப் பக்கம் வந்தாலே விரட்டுவாள்.

“அந்தத் தடிக்கையை வெச்சுத் தொட்டுடாதய்யா. மொட்டையாயிடும்.”

அவர் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார். பண்டிகைச் சாமான் வாங்குவது மட்டும் அவர் வேலை. காலையில் போனால் சாயங்காலம்தான் திரும்புவார். பையில் பூவும் ரொட்டியும் இருக்கும், கூடவே ஒரு சட்டி பூசணி இனிப்பும். “சந்தைக்காரிக்குப் பாகுப் பதமே தெரியல” என்று குறை சொல்லிக்கொண்டே எல்பிதியா சட்டியை வழித்துச் சாப்பிடுவாள்.

ஒரே ஒரு முறை, நீயே போய்த் தங்கச்சியைப் பார்த்துவிட்டு வாயேன் என்று அவர் சொன்னார்.

“நான் எதுக்குப் போகணும்? அவதான் வர்றாளே” என்றாள்.

அவர் செடியை ஒரு முறை பார்த்தார். பிறகு சந்தைப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

இந்தத் தவக்காலத்தில் செவேரோ போய்ச் சேர்ந்தார். தங்கைக்குச் சொல்லியனுப்ப நினைத்து, இழவைச் சாக்கு வைத்துக் கூப்பிடுவதா என்று விட்டுவிட்டாள். இப்போது வீட்டுப் பீடத்தில் சாமந்திப் பூவுக்கு நடுவே அவர் படம். திருநாள் நாளைக்கு. வாலோ ஒன்றும் குறையவில்லை.

“உடம்பு கிடம்பு சரியில்லையோ என்னவோ” என்றாள் ரெமேடியோஸ், வேடிக்கையை விட்டுவிட்டு.

அந்த வார்த்தை எல்பிதியாவைப் பிடித்து உலுக்கியது. இருப்பதிலேயே நீளமான வாலை அறுத்தாள். செய்தித்தாளில் சுற்றி, பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு ஹுவாதுஸ்கோ பஸ் ஏறினாள். ஒவ்வொரு வளைவிலும் இலைகள் உதிர்ந்தன. உதிர்ந்ததும் வேர்விடும் என்று ஒன்றுவிடாமல் பொறுக்கிச் சால்வை முனையில் முடிந்துகொண்டாள்.

கதவைத் திறந்தது ஒத்தீலியாதான். தலை நரைத்திருந்தாள், ஆனால் நன்றாக இருந்தாள். அவளுக்குப் பின்னால் தாழ்வாரம் நெடுகிலும் கழுதைவால்கள் தொங்கின. எல்பிதியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“திருடி, இந்த வருஷம் ஏண்டி வரல? எப்படிப் பயந்துட்டேன் தெரியுமா?”

“நான் எங்கக்கா வந்தேன்?” ஒத்தீலியா அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். உள்ளே அடுப்பில் பூசணியும் வெல்லப்பாகும் மணத்தன. பொட்டலத்தைப் பிரித்தவள், பாதி மொட்டையாகியிருந்த வாலைப் பார்த்துச் சிரித்தாள்.

“இவ்வளவா உதிர்ப்பே? வருஷா வருஷம் நீ குடுத்தனுப்புறதை ஓர் இலை உதிராமக் கொண்டாந்து தருவாரே அத்தான். ‘அக்கா கோபம் தீரட்டும், அவளே வருவா’ன்னு சொல்லிட்டு, என் பூசணி இனிப்பை வாங்கிட்டுப் போவாரு.”

அக்காவின் தோளுக்கு மேலாக எக்கித் தெருவைப் பார்த்தாள்.

“சொன்ன மாதிரியே உன்னைக் கூட்டியாந்துட்டாரு. எதுக்கு வெளியிலயே நிக்கிறாரு, உள்ள வரச் சொல்லுக்கா.”